டெக்ஸா போடலாமா வேணாமா: மூளை உறைக் காய்ச்சல்னு வர்ற குழந்தைக்கு நாங்க எடுக்குற முடிவுங்க

டெக்ஸான்னு நாங்க சுருக்கி சொல்ற டெக்ஸாமெத்தசோன், வீக்கத்தைக் கொறைக்கிற ஸ்டீராய்டு மருந்து, ஆம்பூல் ஒண்ணு சில ரூபாதான். எந்த எமர்ஜென்சி ட்ரேல பாத்தாலும் அட்ரினலின் பக்கத்துல கெடக்கும், நம்ம ஊர்ல சாதா ஜுரத்துக்கும் மூட்டு வலிக்கும் கூட கேக்காமலே இடுப்புல ஏத்தி விடுற ஊசி அது. அதே மருந்தை பாக்டீரியா மெனிஞ்சைடிஸ் வந்த குழந்தைக்கு குடுக்கலாமா கூடாதான்னு மட்டும் 1988-லேர்ந்து டாக்டருங்களுக்குள்ள சண்டை, இன்னிக்கும் ரெண்டு சீனியர்கிட்ட கேட்டா ரெண்டு பதில் வரும்.

முதல்ல ஒரு விஷயம். நம்மாளுங்க "மூளைக்காய்ச்சல்"னு ஒரே வார்த்தைல எல்லாத்தையும் சொல்லிடுவோம். மூளையையே தாக்குற வைரஸ் காய்ச்சல் வேற, மூளையை சுத்தி இருக்குற உறைல பாக்டீரியா போய் சீழ் பிடிக்குறது வேற. நான் பேசப் போறது ரெண்டாவதைப் பத்தி, அதுக்குப் பேருதான் பாக்டீரியா மெனிஞ்சைடிஸ். இதுக்கு மருந்து இருக்கு, சீக்கிரம் போட்டா பொழைக்கலாம், அதனாலதான் எதை எப்ப போடறதுன்னு இவ்ளோ அடிதடி.

எனக்கு இது ஞாபகம் வர்றதுக்கு காரணம் கொஞ்ச நாள் முன்னாடி ராத்திரி ட்யூட்டில வந்த ஒரு பத்து மாசப் பெண் குழந்தை. மூணு நாள் காய்ச்சல், ஊர்ல ஒரு கிளினிக்ல ரெண்டு நாளும் ஊசி போட்டிருக்காங்க, என்ன ஊசின்னு சீட்டு கெடையாது. அன்னிக்கு சாயங்காலம் ஒரு தடவை வலிப்பு, பாட்டி ஜன்னின்னு சொல்லி வெங்காயத்தை நசுக்கி மூக்குகிட்ட வெச்சிருக்காங்க. தூக்கினா வீறிட்டு அழுதா, கட்டில்ல படுக்க வெச்சா அடங்கினா. சாதாரண குழந்தை தூக்கினாதானே அடங்கும், இந்த நோய்ல தலைகீழ், தூக்கும்போது கழுத்து மடங்கி உறை இழுபடுறதால வலி. உச்சிக்குழி விம்மி தெரிஞ்சுது. தடுப்பூசி அட்டையைப் பாத்தா அஞ்சு நோய்க்கு சேத்துப் போடுற பென்டாவேலன்ட் மூணு டோஸும் போட்டாச்சு, நிமோகாக்கஸ்ங்குற பாக்டீரியாவுக்கான நிமோகாக்கல் தடுப்பூசில 9-வது மாசம் போட வேண்டிய பூஸ்டர் மட்டும் இல்ல, அப்போ அப்பா வேலைக்காக குடும்பமே திருப்பூர் போயிருந்துச்சாம்.

இனி முடிவுங்க. முதல் மோதல் முதுகுல நீர் எடுக்குறதுல. "சார் முதுகுல மட்டும் ஊசி வேணாம், கை கால் விளங்காம போயிடும்"னு அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டாரு. இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது கேப்பேன். ஊசி போற இடத்துல தண்டுவடம் கெடையாது, அது மேலயே முடிஞ்சுடும், கீழ நரம்பு நூலுங்க தண்ணில மெதக்குற மாதிரிதான் இருக்கும், ஊசி பட்டா ஒதுங்கிக்கும். இதை நிதானமா சொன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. டாக்டருங்களுக்கு இருக்குற பயம் வேற: மூளைல அழுத்தம் அதிகமா இருக்கும்போது கீழ நீர் எடுத்தா மூளை கீழ இறங்கி நசுங்கிடுமோன்னு. அந்த பயத்துலதான் "எதுக்கும் சி.டி எடுத்துட்டு வாங்க"ன்னு அனுப்புறது, ஸ்கேன் ரூமுக்கு ட்ராலி போய் வரிசைல நின்னு படம் வந்து ரிப்போர்ட் வர்றதுக்குள்ள ரெண்டு மூணு மணி நேரம் சுளையா போயிடும், அதுவரைக்கும் ஆன்டிபயாடிக்கும் போடாம வெச்சிருப்பாங்க, இதுதான் நான் பாத்ததுலயே மோசமான வழி. சி.டி நார்மல்னு வந்தாலும் அழுத்தம் இல்லேன்னு அர்த்தம் இல்ல. குழந்தை ஷாக்ல இருக்கு, அதாவது ரத்த ஓட்டம் சரிஞ்சு கெடக்கு, கண் பாப்பா ரெண்டும் ஒரே அளவு இல்ல, ஒரு பக்கம் கை கால் அசையல, நினைவு வேகமா சரியுது, ரத்தம் உறையல, இந்த மாதிரின்னா நீர் எடுக்குறதை தள்ளி வெக்கணும், அதுக்கு ஸ்கேனே தேவையில்ல, கண்ணால பாத்தாலே தெரியும்.

சுவீடன்ல 2009-ல கைட்லைனை மாத்தினாங்க. நினைவு மங்கியிருக்குங்குற ஒரே காரணத்துக்காக நீர் எடுக்காம ஸ்கேனுக்கு அனுப்ப வேணாம்னு. அப்புறம் கணக்கு பாத்தா சிகிச்சை சராசரியா 1.2 மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு, சாவு 11.7%-லேர்ந்து 6.9% ஆயிருக்கு. அது பெரியவங்க கணக்கு, குழந்தைக்கு அப்படியே ஒட்ட வெக்க முடியாது, ஆனா திசை தெரியுது.

அப்போ நீர் எடுக்குற வரைக்கும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தி வெக்கலாமா? நீர் எடுக்கறது இப்பவே நடக்குதுன்னா சரி. லேட் ஆகும்னு தெரிஞ்சா ரத்தத்துல கல்ச்சர் (கிருமியை வளத்துப் பாக்குற டெஸ்ட்) எடுத்துட்டு மருந்தைப் போட்டுடணும். இதுக்கு ஒரு விலை இருக்கு. அமெரிக்கால 2001-ல வந்த ஒரு ஆய்வுல, இந்த நோயைக் கொண்டு வர்ற பாக்டீரியா மெனிங்கோகாக்கஸா இருந்தா மருந்து போன ரெண்டு மணி நேரத்துக்குள்ள முதுகு நீர் கல்ச்சர்ல ஒண்ணும் வளரல, நிமோகாக்கஸ்னா நாலு மணி நேரத்துலேர்ந்து காணாம போக ஆரம்பிச்சுடுது. செல்லு கணக்கும் புரதமும் சர்க்கரையும் அதுக்கப்புறமும் துப்பு குடுக்கும், கிருமி பேர் மட்டும் கெடைக்காது. பேர் கெடைக்காட்டி என்ன மருந்து, எத்தனை நாள்னு எல்லாமே குத்துமதிப்பாயிடும். நம்ம ஊர்ல பாதி குழந்தைங்க ஏற்கனவே வெளில ஊசி போட்டுட்டுதான் வருது, அதனால இந்த தலைவலி எங்களுக்கு எப்பவும் உண்டு. இவளுக்கு அப்பா சம்மதிச்சதும் பத்து நிமிஷத்துல நீர் எடுத்தாச்சு, அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கலா வந்துச்சு.

நீர் கலங்கலா வந்தா அடுத்த நிமிஷம் கேள்வி டெக்ஸாதான், ஏன்னா இதை அப்புறமா யோசிச்சு போடுற வசதி கெடையாது. ஆன்டிபயாடிக் கிருமியை உடைக்கும்போது அதோட செல்சுவர் துணுக்குங்க நீர்ல கொட்டும், அதைப் பாத்து உடம்பு குளவிக்கூட்டைக் கலைச்ச மாதிரி பாய்ஞ்சு வரும், அந்த வீக்கத்துல மூளையும் உள்காதும் சேதமாகும். அதனால ஸ்டீராய்டு முன்னாடியே உள்ள போயிருக்கணும், இல்லேன்னா கூடவே போகணும். லேட் ஆனா நாலு மணி நேரத்துக்குள்ளயாவது குடுங்க, 12 மணி நேரம் தாண்டிடுச்சுன்னா ஆரம்பிக்காதீங்கன்னு 2010-ல பிரிட்டிஷ் கைட்லைன் சொல்லுச்சு. ஆக கிருமி எதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே முடிவு எடுத்தாகணும், இதுதான் இந்த மருந்தோட வில்லங்கம்.

போடலாம்ங்குற கட்சியோட ஆதாரம் 1988-ல அமெரிக்கால டல்லஸ்லேர்ந்து வந்துச்சு. 200 குழந்தைங்க, டெக்ஸா போட்டவங்கள்ல ரெண்டு காதும் ஓரளவுக்கு மேல கேக்காம போனது 3.3%, போடாதவங்கள்ல 15.5%. 1991-ல கோஸ்டா ரிகால 101 குழந்தைங்களை வெச்சு, ஆன்டிபயாடிக்குக்கு 15-20 நிமிஷம் முன்னாடியே டெக்ஸா குடுத்து பாத்தாங்க, நரம்பு அல்லது காது பாதிப்பு 38%-லேர்ந்து 14% ஆச்சு. அதைப் பாத்துட்டு உலகம் பூரா எல்லாரும் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், ஆறு மணிக்கு ஒரு தடவைன்னு ஆரம்பிச்சாங்க. அந்தக் குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இருந்தது ஹிப்னு நாம சுருக்கி சொல்ற ஹீமோஃபிலஸ் கிருமி, இதைத்தான் மனசுல வெச்சுக்கணும்.

எதிர்க்கட்சி 2002-ல ஆப்பிரிக்கால இருக்குற மலாவிலேர்ந்து வந்துச்சு. பிளான்டைர்ல இருக்குற குயீன் எலிசபெத் ஆஸ்பத்திரில 598 குழந்தைங்க, பாதிப்பேருக்கு டெக்ஸா, பாதிப்பேருக்கு சும்மா ஊசி. சாவு ரெண்டு பக்கமும் 31%. காது கேக்காம போனதுலயும் வித்தியாசம் இல்ல. அதே வருஷம் நெதர்லாந்துலேர்ந்து 301 பெரியவங்களை வெச்சு பண்ண ட்ரயல்ல டெக்ஸா போட்டா சாவு 15%-லேர்ந்து 7% ஆகுதுன்னு வந்துச்சு. ஒரே மருந்து, ஒரே வருஷம், ஒரு பக்கம் பாதியா குறையுது, இன்னொரு பக்கம் அசையவே இல்ல.

எந்த ட்ரயல் பொய்னு தேடுறது வேஸ்ட், ரெண்டும் நேர்மையா பண்ணதுதான். மலாவில வந்தது ரொம்ப லேட்டா வந்த குழந்தைங்க, நிறைய பேருக்கு எச்ஐவி, சத்துக்குறைவு, ரத்தசோகை, அப்போ அங்க முதல்ல போட்டது பென்சிலினும் குளோராம்ஃபெனிக்காலும். வீடு முக்கால்வாசி எரிஞ்ச அப்புறம் ஜன்னலைத் தொடைக்கிற கதை. டல்லஸ்ல வந்தது ஊட்டமான குழந்தைங்க, காய்ச்சல் வந்த ஒண்ணு ரெண்டு நாள்ல கார்ல வந்தவங்க. அதனால என் ஜூனியருங்க "சார் எவிடென்ஸ் என்ன சொல்லுது"ன்னு கேட்டா நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: இந்தக் கட்டில்ல இருக்குற குழந்தை டல்லஸ் குழந்தையா, பிளான்டைர் குழந்தையா? 2015-ல, ட்ரயல்களைச் சேத்து வெச்சு அலசுற காக்ரேன் அமைப்போட ஆளுங்க 25 ட்ரயல், 4121 பேரை சேத்து வெச்சு பாத்தப்பவும் அதேதான் வந்துச்சு. பணக்கார நாட்டுல காது பாதிப்பு கொறையுது, ஏழை நாட்டுல பலன் தெரியல. குழந்தைங்கள்ல ஹிப்புக்கு காது பலன் தெளிவா இருக்கு, மத்த கிருமிக்கு அப்படி இல்ல. நிமோகாக்கஸ்ல சாவு கொஞ்சம் கொறையுது.

நம்ம குழந்தை ரெண்டுக்கும் நடுவுல. தமிழ்நாட்டுலயும் கேரளாலயும்தான் இந்தியாலயே முதல்ல, 2011 டிசம்பர்ல, பென்டாவேலன்ட் வந்துச்சு, அதுல ஹிப் தடுப்பூசியும் சேந்திருக்கு. அதனால டெக்ஸாவுக்கு பலமான ஆதாரம் இருக்குற கிருமியே நம்ம வார்டுல அரிதாயிடுச்சு. கொடுமை என்னன்னா மருந்துக்கு ஆதாரம் கெடைச்சப்ப நமக்கு தடுப்பூசி இல்ல, தடுப்பூசி வந்தப்ப ஆதாரம் வேற கிருமிக்கு. இப்போ மிச்சம் இருக்கறதுல பெரிய ஆளு நிமோகாக்கஸ், அதுக்கான தடுப்பூசி அரசு பட்டியல்ல நம்ம மாநிலத்துக்கு 2021-லதான் வந்துச்சு. எச்ஐவி இங்க மலாவி அளவுக்கு இல்ல, செஃப்ட்ரியாக்சோன்ங்குற ஆன்டிபயாடிக் தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் கெடைக்குது, லேட்டா வர்றது மட்டும் மலாவி மாதிரி.

போட வேணாம்னு சொல்றவங்ககிட்ட இன்னொரு நல்ல வாதம் இருக்கு, அது நம்ம ஊருக்குன்னே உள்ளது: டிபி. பாதி மருந்து போட்டு வந்த பாக்டீரியா மெனிஞ்சைடிஸும் டிபி மெனிஞ்சைடிஸும் முதுகு நீர்ல அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். டெக்ஸா போட்டா டிபி குழந்தையும் ரெண்டு நாள் நல்லா இருக்குற மாதிரி தெரியும், நாம செஃப்ட்ரியாக்சோன் வேலை செஞ்சிடுச்சுன்னு ஏமாந்துடுவோம். இதுக்காக டெக்ஸாவை ஒதுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், டிபி மெனிஞ்சைடிஸுக்கும் டிபி மருந்தோட ஸ்டீராய்டு குடுக்கறதுதான். காய்ச்சல் ஒரு வாரம் இழுத்திருக்கா, வீட்டுல யாராவது இருமுறாங்களான்னு கேட்டு, நீரை டிபி கிருமியைக் கண்டுபிடிக்கிற ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்டுக்கும் கொஞ்சம் அனுப்பிட்டா அந்த பயம் பாதி போயிடும்.

என் முடிவு: ஒரு மாசம் தாண்டின குழந்தை, நீர் கலங்கலா வருது அல்லது செல் கணக்கு பாக்டீரியான்னு சொல்லுது, முதல் டோஸ் ஆன்டிபயாடிக் இன்னும் போகல, அப்போ டெக்ஸா போடுவேன். பிறந்த குழந்தைக்கு போட மாட்டேன். வேற ஆஸ்பத்திரில நேத்திக்கே முழு டோஸ் செஃப்ட்ரியாக்சோன் ஆரம்பிச்சு இன்னிக்கு இங்க அனுப்பி வெச்ச குழந்தைக்கும் போட மாட்டேன், ரயில் போன அப்புறம் கேட்டை மூடி புண்ணியம் இல்ல. வேற கிருமி அல்லது வைரஸ்னு தெரிஞ்சா நிறுத்திடுவேன், நிறுத்தறதுல சிக்கல் இல்ல. ரெண்டு நாள்ல வயித்துல ரத்தக்கசிவு வர்றது அபூர்வம், டல்லஸ்லயே ரெண்டு பேருக்கு வந்திருக்கு, அதனால மலத்தைப் பாக்கச் சொல்லி நர்ஸ்கிட்ட சொல்லி வெப்பேன். 2025 ஏப்ரல்ல உலக சுகாதார நிறுவனம் மெனிஞ்சைடிஸுக்குன்னு முதல் தடவையா வெளியிட்ட கைட்லைன்லயும், கொள்ளைநோயா பரவாத இடத்துல ஸ்டீராய்டை முதல் டோஸோட சேத்து குடுக்கலாம்னுதான் இருக்கு. இந்தக் குழந்தைக்கு கிளினிக்ல போட்ட ஊசி என்னன்னு தெரியாட்டியும் அது மெனிஞ்சைடிஸ் டோஸ் கெடையாதுன்னு நிச்சயம், அதனால போட்டேன். அந்த கிளினிக் ஊசிலயே டெக்ஸா இருந்திருக்கவும் நல்ல வாய்ப்பு உண்டு, நம்ம ஊரு அப்படி.

ஆன்டிபயாடிக்ல செஃப்ட்ரியாக்சோன் கிலோவுக்கு 100 மில்லிகிராம், இதுல சண்டை இல்ல (பிறந்த குழந்தைக்கு மட்டும் செஃபோடாக்ஸிம், ஏன்னா கால்சியம் ட்ரிப்போட செஃப்ட்ரியாக்சோன் சேந்தா படியும், மஞ்சக்காமாலையையும் கூட்டும்). சண்டை, கூட வேன்கோமைசின்ங்குற இன்னொரு ஆன்டிபயாடிக்கை சேக்கணுமாங்குறதுல. அமெரிக்கால எதிர்ப்பு சக்தி வந்த நிமோகாக்கஸ் பயத்துல எல்லாருக்கும் ஆரம்பத்துலயே ரெண்டும் சேத்து போடறாங்க. இங்க நான் நிமோகாக்கஸ் சந்தேகம் பலமா இருந்தா சேப்பேன், கிராம் ஸ்டெய்ன்லயும் (சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல கிருமியைப் பாக்குறது) கல்ச்சர்லயும் வேற பேர் வந்தா அன்னிக்கே எடுத்துடுவேன். கிட்னியைப் பாத்துக்கிட்டே போடணும். டெக்ஸா உறை வீக்கத்தைக் கொறைக்கறதால வேன்கோமைசின் உள்ள போறதும் கொறையுதுன்னு முயல்ல பாத்திருக்காங்க, அதனால ரெண்டும் சேந்து போற குழந்தை 48 மணி நேரத்துல தெளியலேன்னா திரும்ப நீர் எடுத்துப் பாத்துடறது நல்லது.

அடுத்தது ட்ரிப். நான் படிச்ச காலத்துல மெனிஞ்சைடிஸ்னா தண்ணியைக் கொறைன்னு மந்திரம் மாதிரி சொல்லிக் குடுத்தாங்க. மூளை வீங்கியிருக்கு, உடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்குது, ரத்தத்துல உப்பு கொறையுது, அதனால மூணுல ரெண்டு பங்கு போதும்னு. கேக்க நியாயமா இருக்கும். சண்டிகர்ல இருக்குற பிஜிஐ ஆஸ்பத்திரில 1995-ல 50 குழந்தைங்களை வெச்சு இதை சோதிச்சாங்க, கொறைச்சதால ஒரு நன்மையும் இல்ல, உடம்புத் தண்ணி ரொம்ப வத்திப் போன குழந்தைங்களுக்குதான் முடிவு மோசமா இருந்துச்சு. பப்புவா நியூ கினில 2002-ல 357 குழந்தைங்க ட்ரயல்லயும் தண்ணி கொறைச்ச பக்கம் ஜெயிக்கல, முழு ட்ரிப் போட்ட பக்கம் முகம் வீங்குறது மட்டும் அதிகமா இருந்துச்சு, அவங்க போட்டதும் உப்பு பாதி அளவு இருந்த ட்ரிப். நல்லா யோசிச்சா மூணு நாள் பால் குடிக்காம வாந்தி எடுத்து வந்த குழந்தைக்கு தண்ணியைக் கொறைக்கறதுல என்ன நியாயம், மூளைக்கு ரத்தம் போறதுக்கே பிரஷர் வேணுமே. இப்போ முழு அளவு, நார்மல் சலைன் வகையில, கூட டெக்ஸ்ட்ரோஸ், சோடியத்தை அடிக்கடி பாத்துக்கிட்டு. சோடியம் இறங்கி, உடம்புல தண்ணி நிறைய இருக்குன்னு தெரிஞ்சா அப்ப கொறைக்கலாம். இதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா பழைய பழக்கத்துல கையெழுத்துப் போடறப்ப இன்னும் சில பேர் "மூணுல ரெண்டு"ன்னு எழுதறதைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

மூளை அழுத்தம் ஏறினா அதை இறக்க மேனிட்டாலா, 3% உப்பு நீரா? நான் உப்பு நீர் கட்சி. இதுக்கும் சண்டிகர்லேர்ந்தே 2020-ல ட்ரயல் வந்துச்சு, 57 குழந்தைங்க, அழுத்தம் உப்பு நீர்ல நல்லா இறங்குச்சு. மேனிட்டால் மூத்திரமா போய் பிரஷரை இறக்கிடும், ஷாக்ல இருக்குற குழந்தைக்கு ஆபத்து. கிளிசரால்னு ஒண்ணு இருந்துச்சு, வாய்ல குடுக்கலாம், விலையும் கம்மி, 2007-ல லத்தீன் அமெரிக்கால 654 குழந்தைங்களை வெச்சு பண்ண ட்ரயல்ல நரம்பு பாதிப்பைக் கொறைக்குதுன்னு வந்தப்ப எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். மலாவில பெரியவங்களுக்கு குடுத்தப்ப சாவு அதிகமாச்சு, குழந்தைங்களுக்கு குடுத்தப்ப பலன் இல்ல. அந்தக் கதை அதோட முடிஞ்சுது.

எத்தனை நாள்ங்குறதுதான் அப்பா அம்மா தினமும் கேக்குற கேள்வி. இந்தக் குழந்தையோட அப்பா பெயின்டிங் வேலை, வார்டுல ஒரு நாள்னா ஒரு நாள் கூலி போச்சு, அவரு கேக்குறதுல தப்பே இல்ல. வழக்கம் என்னன்னா மெனிங்கோகாக்கஸுக்கு 7 நாள், ஹிப்புக்கு 7-லேர்ந்து 10, நிமோகாக்கஸுக்கு 10-லேர்ந்து 14. 2011-ல வங்கதேசம், எகிப்து, மலாவி, பாகிஸ்தான், வியட்நாம் அஞ்சு நாட்டுல சேந்து 1004 குழந்தைங்களை வெச்சு 5 நாளா 10 நாளான்னு பாத்தாங்க. அஞ்சாம் நாள் நல்லா இருக்குற குழந்தையை மட்டும் சேத்து, பாதிப்பேருக்கு அன்னிக்கே நிறுத்திட்டாங்க. திரும்ப வந்தது 5 நாள் பக்கம் ரெண்டு பேருக்கு, 10 நாள் பக்கம் யாருக்கும் இல்ல, மத்தபடி வித்தியாசம் தெரியல. கேக்க ஆசையா இருக்கு. ஆனா அதுல அஞ்சாம் நாளும் காய்ச்சல் இருந்தவங்க, நினைவு தெளியாதவங்க எல்லாம் வெளில போயிட்டாங்க, அதையும் சேத்துப் படிக்கணும். படுக்கை இல்லாத, மருந்து இல்லாத இடத்துல அந்த 5 நாள் பெரிய வரம். எங்ககிட்ட படுக்கையும் மருந்தும் இருக்கு, அதனால கிருமி பேர் தெரியாத குழந்தைக்கு 10 நாளுக்குக் கீழ நான் போறதில்ல, அஞ்சாம் நாள் குழந்தை சிரிச்சு விளையாடினாலும். வீட்டுக்குப் போய் வாய் மருந்துல முடிச்சுக்கலாமான்னு கேப்பாங்க, அது மட்டும் வேணாம், இந்த நோய்க்கு மருந்து ரத்தம் வழியா அதிக அளவுல போனாதான் உறைக்குள்ள எட்டும்.

இவளுக்கு கல்ச்சர்ல நிமோகாக்கஸ்னு மூணாம் நாள் பேர் வந்துச்சு, செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்குற ரகம், வேன்கோமைசினை அன்னிக்கே எடுத்துட்டோம். ஆறாம் நாள் திரும்ப காய்ச்சல், தலைல ஸ்கேன் பண்ணா உறை அடுக்குங்களுக்கு நடுவுல கொஞ்சம் நீர், தானா வத்திடும்னு விட்டோம், வத்திடுச்சு. 14 நாள்ல வீடு.

டிஸ்சார்ஜ் சீட்டுல நான் சிவப்பு பேனால எழுதுற ஒரே வரி காது டெஸ்ட் தேதி, பெரான்னு சொல்லுவோம், குழந்தை தூங்கும்போது தலைல ஒயர் ஒட்டி எடுக்குறது, நாலு வாரத்துக்குள்ள. பொழைச்சாச்சு, சிரிக்குது, அதுக்கப்புறம் எதுக்கு பஸ் செலவுன்னு நிறைய பேர் வர்றதில்ல. ரெண்டு வயசுல "இன்னும் பேச்சு வரல"ன்னு வரும்போது உள்காது எலும்பா இறுகிப் போயிருக்கும், காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதுல பொருத்துற கேக்குற கருவி) வெக்கலாம்னாலும் உள்ள ஒயர் போக வழி இருக்காது. முதலமைச்சர் காப்பீட்டுல அந்த ஆபரேஷன் இலவசமா நடக்குது, காலம் மட்டும்தான் கையில இல்லாதது.

இவங்க வந்தாங்க, பாட்டி தூக்கிட்டு வந்தாங்க. வலது காது சுத்தமா இருக்கு. இடது காதுல கொஞ்சம் கொறைவு, மூணு மாசம் கழிச்சு திரும்ப பாக்கணும்னு தேதி குடுத்திருக்கேன். விட்டுப் போன நிமோகாக்கல் பூஸ்டரையும் அன்னிக்கே கீழ தடுப்பூசி ரூம்ல போடச் சொல்லி சீட்டு எழுதி அனுப்பினேன், பாட்டி ஊசின்னதும் "இன்னும் முதுகுலயா"ன்னு கேட்டாங்க, தொடையிலதான் ஆத்தான்னு சொன்னேன்.